தார்லான் நனைத்த மெத்தைகள்

நாரின்,
20 செப்டம்பர் 1998

அன்புள்ள புருல் அக்காவுக்கு,

உன் தங்கை சினாரா எழுதுவது. இங்கே இரண்டு பேரும் சுகம். மலைமேல் இப்போதே குளிர் இறங்கிவிட்டது, அடுப்பை மூட்டியாயிற்று. உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? சாதிர் அத்தானுக்கு ரத்தக் கொதிப்பு குறைந்ததா?

கல்யாணமாகி வந்து ஒரு மாதம். முப்பத்தெட்டு வயதில் ஒருத்தி புதுப்பெண்ணாக வந்து இறங்கினால் தெருவே வேடிக்கை பார்க்கிறது, அக்கா. கெங்கேஷ் நல்ல மனிதர்தான். டோலோன் கணவாயில் பனி அள்ளும் வண்டி ஓட்டுகிறார். பனி இல்லாத மாதங்களில் ரோட்டுக் குழிகளை அடைக்கிறார். குடிப்பதில்லை. பேசுவதும் இல்லை. அம்மா போன பிறகு தம்பி பெண்டாட்டி என் அறையில் ஆப்பிள் கொட்டி வைத்திருக்கிறாளே, அதை நினைத்தால் இது சொர்க்கம்.

நீ சொன்னபடி முதல் நாளே செய்துவிட்டேன். பெரிய பெட்டியின் மேல் அவருடைய செத்துப்போன பெண்டாட்டி ஆசில்கானின் மெத்தைகள் கூரை வரைக்கும் அடுக்கியிருந்தன. அவ்வளவையும் இறக்கி, பக்கத்துச் சந்தில் இருக்கும் அவருடைய சித்தப்பா மகள் குல்சுனுக்குத் தூக்கிக் கொடுத்தேன். பெட்டியைத் துடைத்து, நாம் தைத்த என் சீர் மெத்தைகளை அடுக்கினேன். உச்சியில் நீ பூ வேலை செய்த நீல மெத்தை. அவர் வாசலில் நின்று பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

சொன்னது பூனைதான். தார்லான் என்று பேர், சாம்பல் நிறத்தில் புள்ளிகள். அதுவும் ஆசில்கான் வளர்த்தது. வெள்ளிக்கிழமை காலையில் அடுக்கின்மேல் ஏறி நீல மெத்தையின் நட்டநடுவில் மூத்திரம் பெய்துவிட்டு, என்னைப் பார்த்துக்கொண்டே இறங்கிப் போனது. அவரிடம் காட்டினேன். "வயசாயிருச்சு அதுக்கு" என்றார். ஆறு வயதுதான் அக்கா, குல்சுன் சொன்னாள்.

அத்தானுக்கு என் வணக்கம். பதில் சீக்கிரம்.

உன் சினாரா

*

தோக்மோக்,
1 அக்டோபர் 1998

கண்ணே சினாரா,

கடிதம் கிடைத்தது. கால் வலி கூடவே குடித்தனம் நடத்துகிறது, விசாரித்ததற்கு சந்தோஷம். நீ ஒழுங்காகச் சாப்பிடு. புதுப்பெண் மெலிந்தால் ஊர் வேறு கதை கட்டும்.

நீல மெத்தையைப் பற்றிப் படித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தப் பூவை மூன்று வாரம் உட்கார்ந்து போட்டேன். என் கண் அதில்தான் கெட்டது. நன்றாகக் கேட்டுக்கொள். அது பூனை இல்லை, உன் சக்களத்தி விட்டுவிட்டுப் போன காவல்காரி. இன்றைக்கு விட்டுக்கொடுத்தால் நாளைக்கு உன் தலைமேல் ஏறி உட்காரும்.

நனைந்த இடத்தை அமோனியா கலந்த தண்ணீரால் அழுத்தித் துடை. அம்மா கம்பளத்துக்கெல்லாம் அதைத்தானே போடுவாள். பிறகு ஆர்ச்சா மரத்து இலையைக் கொளுத்தி வீடு முழுக்கப் புகை காட்டு. மெத்தை அடுக்கைச் சுற்றி ஏழு தடவை. பூனைக்கும் ஒரு தடவை காட்டு, மூக்கைத் தேய்த்து. கண்ணேறு என்றால் போய்விடும், கெட்ட ஆவி என்றாலும் போய்விடும், வெறும் திமிர் என்றாலும் போய்விடும்.

செத்தவளுக்கு உன் வீட்டில் ஒரு முழம்கூட விடாதே. ஒரு வீட்டுக்கு ஒருத்திதான். அதை எழுதி வைத்துக்கொள்.

உன் நலம் கோரும்,
புருல்

*

நாரின்,
18 அக்டோபர் 1998

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் அத்தானும் சௌக்கியம்தானே? போன கடிதத்தில் அத்தானைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கார் சாமான் கடையில் வியாபாரம் அதிகமோ? நோவோசிபிர்ஸ்க்கிலிருந்து உன் மகன் எழுதுகிறானா?

நீ சொன்னதெல்லாம் செய்தேன். செய்யச் செய்ய மோசமாகிறது. அமோனியா போட்டுத் துடைத்த இடம் காய்வதற்குள் அதே இடத்தில் மறுபடி. ஆர்ச்சாப் புகை போட்டால் கண்ணை இடுக்கிக்கொண்டு அடுப்புக்குப் பின்னால் ஓடுகிறது, புகை அடங்கியதும் வந்து என் சால்வையில் பெய்கிறது. என் சால்வை, என் தலையணை, என் செருப்பு. அவருடைய பொருள் ஒன்றைத் தொட்டிருக்கிறதா? கிடையாது.

போன ஞாயிற்றுக்கிழமை அவருடைய சொந்தக்காரப் பெண்கள் என்னைப் பார்க்க வந்தார்கள். மாவு வெட்டிப் பூர்சோக் பொரித்து, வெண்ணெயும் ஜாமும் வைத்து, விரிப்பு நிறையப் பரப்பியிருந்தேன். அவருடைய பெரியத்தை மெத்தை அடுக்கில் சாய்ந்து உட்கார்ந்தாள். மூக்கை உறிஞ்சினாள்.

"பொண்ணு, வீட்டுக்குள்ளயா குதிரை கட்டறீங்க?"

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு முகத்தில் ஈயாடவில்லை. குல்சுன் மட்டும் சிரிக்காமல் தேநீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நோயாக இருக்குமோ என்று கூடையில் வைத்துக் கால்நடை வைத்தியரிடம் கொண்டுபோனேன். வரிசையில் ஆடும் மாடுமாக நிற்கிறது, நடுவில் நான். அந்த மனிதர் பூனையின் வயிற்றை அமுக்கினார், கண்ணைப் பார்த்தார், சோதனை எல்லாம் செய்தார்.

"உடம்புக்கு ஒண்ணும் இல்லம்மா. மனசு சரியில்ல. வீட்ல எதாவது மாறுச்சா?"

"நான்தான் வந்தேன்" என்றேன்.

"அப்ப நான் மருந்து குடுக்க முடியாது" என்றார்.

ஆனால் இதைக் கேள். நேற்று அவர் வேலை முடிந்து வந்து, மாட்டுக்கொட்டகையில் பால்வாளி மேல் உட்கார்ந்து, பூனையை மடியில் வைத்துப் பேசிக்கொண்டிருந்தார். கால் மணி நேரம். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். என்ன பேசினார் என்று கேட்கவில்லை, குரல் மட்டும்தான். அந்தக் குரலில் என்னிடம் ஒரு நாளும் பேசியதில்லை. ஒரு பூனையைப் பார்த்துப் பொறாமைப்படும் நிலைக்கு வந்துவிட்டேன், சொன்னால் வெட்கம்.

உன் சினாரா

*

தோக்மோக்,
2 நவம்பர் 1998

சினாரா,

உன் உடம்பைப் பார்த்துக்கொள். நான் இருக்கிறேன்.

வைத்தியன் ஆம்பளை, அப்படித்தான் பேசுவான். மனசு சரியில்லையாம். யாருக்கு மனசு சரியாக இருக்கிறது? நாமெல்லாம் மெத்தையிலா பெய்துகொண்டிருக்கிறோம்?

அவளை வெளியேற்று. வேறு வழி இல்லை. சாக்கில் போட்டு, கணவாய் தாண்டிப் போகிற ஏதாவது லாரியில் ஏற்றிவிடு. பாவம் பார்க்காதே. இவளுகளுக்கெல்லாம் முதலில் ஒண்ணும் தெரியாத மாதிரி ஒரு முகம் இருக்கும். குனிந்த தலை நிமிராது. உன் புருஷன் வரும்போது மட்டும் கண் பளிச்சென்று ஆகும். நீ இருந்த இடத்தில் உட்காருவாள். உன் கிண்ணத்தில் தேநீர் குடிப்பாள், நீயே ஊற்றிக் கொடுக்கணும். அப்புறம் ஒரு நாள் பார்த்தால் வாசலில் செருப்பு விடுகிற இடத்தில்தான் உனக்கு இடம். அது வரைக்கும் விடாதே.

புருல்

*

நாரின்,
25 நவம்பர் 1998

அன்புள்ள அக்கா,

நீ நன்றாக இருக்கிறாயா? எனக்குச் சுகமில்லை, அதனால் நலம் என்று பொய் எழுத மாட்டேன். உன் போன கடிதம் ஒரு மாதிரி இருந்தது. பூனை எங்கேயாவது கிண்ணத்தில் தேநீர் குடிக்குமா?

இருந்தாலும் நீ சொன்னதைச் செய்தேன். போன வாரம் செவ்வாய்க்கிழமை அவர் வேலைக்குப் போனதும் தார்லானைச் சாக்கில் போட்டுக் கட்டி, ஆட்டுத்தோல் ஏற்றிக்கொண்டு பிஷ்கேக் போகும் லாரிக்காரனிடம் கொடுத்தேன். "தூரமா எங்கயாவது நல்ல வீட்டுப் பக்கமா எறக்கி விடுங்க அண்ணே" என்றேன். சாக்குக்குள்ளிருந்து கத்தவே இல்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

என் புத்தியைப் பார். கணவாய் தாண்டும் ஒவ்வொரு லாரிக்காரனுக்கும் என் புருஷனைத் தெரியும். வருஷம் முழுக்க அங்கேயே நிற்கிறவர் அவர்தானே. அந்தத் தோல் லாரிக்காரன் உச்சியில் தேநீர் குடிக்க நிறுத்தி, "கெங்கேஷ் அண்ணே, உங்க பூனைய ஒரு பொம்பள சாக்குல கட்டிக் குடுத்துச்சு" என்று நீட்டியிருக்கிறான்.

சாயங்காலம் கோட்டுப் பொத்தானைத் திறந்து, உள்ளேயிருந்து பூனையை எடுத்துத் தரையில் விட்டார். கை கழுவினார். சாப்பிட்டார். எனக்குத்தான் பொறுக்கவில்லை.

"ஒண்ணு அது இருக்கணும், இல்ல நான் இருக்கணும்."

"பூனை எங்கயும் போகாது."

"அப்ப நான் போறேன்."

ரொட்டித் துணுக்குகளை உள்ளங்கையில் பொறுக்கிக்கொண்டே சொன்னார்: "ரோடு தொறந்துதான் இருக்கு."

அவ்வளவுதான். கத்தவில்லை, அடிக்கவில்லை. அதற்குப் பதில் அடித்திருக்கலாம். அன்றிலிருந்து அவர் அடுப்படியில் படுக்கிறார், பூனையோடு.

அக்கா, நான் உன் வீட்டுக்கு வரட்டுமா? தம்பி வீட்டில் ஆப்பிள் மூட்டைகளுக்கு இருக்கும் மரியாதைகூட எனக்கு இல்லை. உன் வீட்டில் நாலு அறை. அத்தான் மறுக்க மாட்டார், என்னைச் சொந்தத் தங்கை மாதிரி நடத்தியவர். வாரக்கணக்கில்கூட வேண்டாம், நான் யோசிக்கும் வரைக்கும். வா என்று ஒரு வரி எழுது, அடுத்த பஸ்ஸில் வருகிறேன்.

சினாரா

*

நாரின்,
20 டிசம்பர் 1998

அக்கா,

பதில் இல்லை. தபால்காரி வரும்போதெல்லாம் வாசலில் நின்று அவளுக்கே என்மேல் இரக்கம் வந்துவிட்டது.

உனக்கென்ன. கடை வைத்திருக்கிற புருஷன், பெண்டாட்டி பேரைச் சொல்லிக் கூப்பிடுகிற புருஷன். சின்ன வயதிலிருந்தே நல்லதெல்லாம் உனக்குத்தான் முதலில் வந்தது. புதுத் துணி உனக்கு, நீ போட்டுக் கிழித்தது எனக்கு. அப்போது பொறாமைப்பட்டேன், இப்போதும் படுகிறேன். உன் வீட்டு வாசற்படியில் ஒரு இடம் கேட்டதற்கு ஒரு வரி எழுத முடியவில்லை உன்னால்.

உடம்பைப் பார்த்துக்கொள். இங்கே கடுங்குளிர்.

சினாரா

*

தோக்மோக்,
5 ஜனவரி 1999

கண்ணே,

புது வருஷம் உனக்கு நல்லதாகப் பிறக்கட்டும். கோபப்படாதே. கணவாயில் பனி விழுந்து தபால் நின்றுவிட்டது என்று இங்கே சொன்னார்கள், அதனால்தான் தாமதம். வீட்டில் சுண்ணாம்பு அடிக்கிறார்கள், அறையெல்லாம் கலைந்து கிடக்கிறது. இப்போது வராதே. கொஞ்சம் பொறு.

பூனை எப்படி இருக்கிறது? சாப்பிடுகிறதா? அதை அடிக்காதே, சினாரா. சாக்கில் போடச் சொன்னதை மறந்துவிடு. தன் இடம் எங்கே போனது என்று அதற்கு யாரும் சொல்லவில்லை. இருந்த இடம் போனால் என்ன ஆகும் என்று போனவளுக்குத்தான் தெரியும்.

குளிரில் வெறுங்காலோடு நடக்காதே.

புருல்

*

நாரின்,
18 ஜனவரி 1999

அன்புள்ள அக்கா,

என் உடம்பு பரவாயில்லை. உன் முழங்காலும் பரவாயில்லை என்று நம்புகிறேன், ஏனென்றால் நீ எழுதப்போவதில்லை.

பனியால் தபால் நின்றது என்று என்னிடமா சொல்கிறாய்? என் புருஷன் அள்ளுகிற பனி அது. அவரிடம் கேட்டேன். எங்களுக்குள் பேச்சே இல்லை, ஆனாலும் இதற்காகக் கேட்டேன். "டிசம்பர்ல ரெண்டே நாள்தான் மூடினோம்" என்றார். கொஞ்சம் கோபமாகவே சொன்னார். அவர் வேலையைக் குறை சொன்னது போல இருந்ததாம். ஜனவரி மாதம் தோக்மோக்கில் யார் சுண்ணாம்பு அடிப்பார்கள்? சுவரிலேயே உறைந்துபோகும்.

உன் பழைய கடிதங்களை எடுத்துப் படித்தேன். அம்மா இருந்தபோது ஒவ்வொன்றிலும் அத்தான் புராணம் அரைப் பக்கம். அவர் இதைச் சொன்னார், அதை வாங்கினார், தும்மினார். நான் கல்யாணமாகி வந்த பிறகு ஒரு வரி கிடையாது. நானும் ஒவ்வொரு தடவையும் கேட்டுவிட்டேன். அக்கா, அங்கே என்ன நடக்கிறது?

இங்கே நடப்பதைச் சொல்கிறேன். வீட்டில் பேச ஆள் இல்லாததால் பூனையைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். திட்டாமல் பார்த்தது இப்போதுதான். அது நேராக வந்து பெய்வதில்லை. முதலில் அடுக்கின்மேல் ஏறுகிறது. முன்னங்காலால் மெத்தையைப் பிசைகிறது. முகர்கிறது. இன்னொரு மூலைக்குப் போய் முகர்கிறது. இறங்கிப் பெட்டிக்குப் பின்னால் தேடுகிறது. மறுபடி ஏறுகிறது. சின்னதாக ஒரு சத்தம் போடுகிறது. அதற்குப் பிறகுதான் பெய்கிறது. எத்தனையோ கேவலமாக அதைத் திட்டியிருக்கிறேன், திமிர் என்று நினைத்தேன். திமிர் இல்லை அது. வீடு மாறி வந்துவிட்டோமோ என்று பயந்துபோய் நிற்கிறது.

நானும் அமோனியா போட்டும் புகை போட்டும் அதன் வாசம் கொஞ்சநஞ்சம் இருந்ததையும் அழித்துவிட்டேன் போல.

உண்மையை எழுது.

சினாரா

*

தோக்மோக்,
2 பிப்ரவரி 1999

சினாரா,

இந்தக் கடிதத்தை உட்கார்ந்து படி.

உன் கல்யாணத்துக்கு வந்துவிட்டுத் திரும்பினேனே, அடுத்த மாதமே உன் அத்தான் இன்னொருத்தியை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். கடையில் வேலைக்கு வந்தவள். முல்லாவைக் கூப்பிட்டு நிக்காஹ் ஓதியும் ஆயிற்று. "பெரிய வீடு, எல்லாரும் இருக்கலாம்" என்றார். ரத்தக் கொதிப்பு குறைந்ததா என்று கேட்டாயே, நன்றாகக் குறைந்துவிட்டது.

இருபத்தாறு வயது. கெட்டவள் என்று சொல்ல ஆசைதான், சொல்ல வரவில்லை. என்னை அக்கா என்று கூப்பிடுகிறாள். உன்னையும் தம்பியையும் தவிர யாரும் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. அந்த வார்த்தையை அவள் வாயில் கேட்கும்போது நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கும். அவளுக்கு ரொட்டி உப்பி வருகிறது, எனக்கு ஒரு நாளும் அப்படி வந்ததில்லை. அதற்கும் வயிறு எரிகிறது. அவள் தலைமுடியைப் பார்த்தால் எரிகிறது. அவள் சிரித்தால் எரிகிறது, அழுதால் இன்னும் எரிகிறது. அவர் போய்ச் சமாதானம் சொல்வாரே. நான் இப்போது முற்றத்தில் இருக்கிற கோடைச் சமையலறையில் படுக்கிறேன். பெரிய அறையில் என் மெத்தை அடுக்கு இருக்கிறது, அதன் பக்கத்தில் அவளுடையது.

உன் பூனையைச் சாக்கில் போடச் சொன்னேனே, அது உன் பூனையைச் சொன்னது இல்லை. செத்தவளைத் துரத்து, ஒரு முழம் விடாதே என்றேனே, அதுவும் உன் ஆசில்கானைச் சொன்னது இல்லை. இங்கே வாய் திறக்க முடியாமல் உன் வீட்டில் கத்திக்கொண்டிருந்தேன். நீ நான் சொன்னதையெல்லாம் செய்து உன் குடித்தனத்தைக் கெடுத்துக்கொண்டிருந்தாய். நீ வரட்டுமா என்று கேட்டபோது, உனக்குக் கொடுக்க எனக்கே ஒரு அறை இல்லை. அதை எப்படி எழுதுவேன்?

மகனுக்குச் சொல்லவில்லை. நீயும் சொல்லாதே.

உனக்காவது செத்தவள், சினாரா. அவள் வந்து உன் ரொட்டியை விட நல்ல ரொட்டி சுடப்போவதில்லை. அவளோடு சண்டையை விடு. அந்த மனிதரை விட்டு வராதே.

புருல்

*

நாரின்,
20 பிப்ரவரி 1999

என் அக்கா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு மாட்டுக்கொட்டகையில் போய் அழுதேன். பால்வாளி மேல் உட்கார்ந்துதான். அந்த இடம் அழுவதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. உன்மேல் பொறாமைப்பட்டேன் என்று எழுதிய கையை என்ன செய்ய? உன் காலுக்கு அந்தக் கோடைச் சமையலறைக் குளிர் ஆகுமா?

அழுது முடித்ததும் முகம் கழுவிக்கொண்டு நேராகக் குல்சுன் வீட்டுக்குப் போனேன்.  செத்தவர் பொருளை ஒருவருக்குக் கொடுத்துவிட்டுத் திரும்பக் கேட்பதை நீ எங்கேயாவது கேள்விப்பட்டிருக்கிறாயா? நம் ஏழு தலைமுறையில் யாரும் செய்திருக்க மாட்டார்கள். குல்சுன் மாவு பிசைந்துகொண்டிருந்தாள், எழுந்திருக்கவில்லை.

"ஆசில்கான் மெத்தைகள்ல, மேல கிடந்தது எது?"

"பச்சை வெல்வெட். ஏன் கேக்கற?"

"அத மட்டும் திருப்பித் தருவியா?"

பிசைவதை நிறுத்தினாள். "குடுத்தத திருப்பிக் கேக்கறதா? இது எந்த ஊர்ப் பழக்கம்?"

"எந்த ஊர்ப் பழக்கமும் இல்ல. பூனைக்கு வேணும். அது தேடுது."

"பூனைக்கா? அன்னைக்கு நீ மெத்தைகளத் தூக்கிட்டு வந்த வேகத்தப் பாத்தப்ப, அவ இந்த வீட்ல இருந்ததே இல்லங்கற மாதிரி இருந்துச்சு."

"அப்படித்தான் ஆக்கணும்னு நெனச்சேன்" என்றேன். வேறென்ன சொல்வது?

 மாவுக்கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய் எடுத்து வந்தாள். வெயிலில்கூடப் போடவில்லை, மடித்தபடியே வைத்திருந்தாள். பூனை முடி அப்படியே ஒட்டியிருந்தது. "மத்ததெல்லாம் நான் தரமாட்டேன்" என்றாள். "குடுக்கவும் வேணாம்" என்றேன். அதற்குப் பிறகு தேநீர் ஊற்றினாள்.

வீட்டுக்கு வந்து என் மெத்தைகளின் உச்சியில், நீ பூப்போட்ட நீலத்துக்கும் மேலே, அந்தப் பச்சை மெத்தையை விரித்தேன்.  என் சீருக்கு மேல் அவளுடையது. நீ பார்த்திருந்தால் என்னை உதைத்திருப்பாய், பழைய புருலாக இருந்தால்.

தார்லான் ஏறியது. முகர்ந்தது. பிசைந்தது. பிசைந்துகொண்டே இருந்தது. சுருண்டு படுத்துத் தூங்கிவிட்டது. பிறகு இன்று வரை ஒரு சொட்டு இல்லை, அக்கா. அமோனியாப் புட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டேன், ஆர்ச்சாவை நிறுத்திவிட்டேன்.

அவர் வந்தார். பூட்ஸைக் கழற்றும்போது நிமிர்ந்து பார்த்தார். ஒரு பூட்ஸ் காலில், ஒரு பூட்ஸ் கையில், அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"நீ எல்லாத்தையும் தூக்கிக் குடுத்தப்ப நான் வாய தொறக்கல" என்றார். "புதுசா வந்தவ மனசு நோகக்கூடாதுன்னு நெனச்சேன்."

பிறகு அழுதார். ஆசில்கான் தன் கடைசிக் குளிர்காலம் முழுக்க அந்தப் பச்சை மெத்தையில்தான் நோயாகக் கிடந்தாளாம். அவள் போன அன்றைக்கு இவர் கணவாயில் பனி அள்ளிக்கொண்டிருந்தார். ஏதோ கல்யாண பஸ் மாட்டிக்கொண்டதாம், அதற்கு வழி எடுக்க. வந்து பார்த்தபோது உடம்பு குளிர்ந்திருந்தது. "பக்கத்துல இருந்தது இந்தப் பூனை ஒண்ணுதான். கடைசியா அவ என்ன சொன்னான்னு இதுக்குத்தான் தெரியும். அதான் இதுகிட்ட பேசிட்டிருப்பேன்."

உன்னிடம் மறைக்க மாட்டேன். கேட்கக் கேட்க எனக்கு வயிறு எரிந்தது. ஒருத்திக்காக ஒரு ஆம்பளை தரையில் உட்கார்ந்து இப்படி அழுகிறானே, எனக்காக யார் அழுவார்கள் என்று எரிந்தது. இன்னும் எரிகிறது. ஆனால் கொட்டகையில் போய்ப் பூனையிடம் சொல்லாமல் என்னிடம் சொன்னார். கையில் இருந்த பூட்ஸை நான் வாங்கி வைத்தேன். அடுப்படியில் இருந்த படுக்கையை அவரே சுருட்டிக்கொண்டு உள்ளே வந்தார்.

உன்னைப் பற்றி அவரிடம் சொல்லிவிட்டேன். மகனிடம்தானே சொல்லக்கூடாது என்றாய். அவர் என்ன சொன்னார் தெரியுமா? எனக்குச் சொன்ன அதே வார்த்தை. "ரோடு தொறந்துதான் இருக்கு. வரச் சொல்லு."

வா, அக்கா.

உன் சினாரா

*

தோக்மோக்,
5 மார்ச் 1999

கண்ணே சினாரா,

இரண்டு பேரும் நன்றாக இருங்கள். கெங்கேஷுக்கு என் வணக்கம் சொல். அவர் அழுததைப் படித்து நானும் பொறாமைப்பட்டேன், உனக்கு மட்டும் என்று நினைக்காதே.

நேற்று விருந்தாளிகள் நிறைய வந்திருந்தபோது பெரிய அறைக்குள் போய் என் மெத்தைகளை ஒவ்வொன்றாக இறக்கிக் கோடைச் சமையலறைக்குச் சுமந்தேன். அம்மா கொடுத்தது, நான் தைத்தது எல்லாம்.  என் சீர், நான் எடுத்துக்கொண்டு போனால் யார் கேட்பது? உன் அத்தான் என் பின்னாலேயே வந்தார்.

"பஜார்ல எல்லாரும் கேப்பாங்களே, நான் என்ன சொல்றது?"

"சுண்ணாம்பு அடிக்கறோம்னு சொல்லுங்க" என்றேன்.

அவள் அடுப்படியில் நின்று அழுதாள். அவளுடைய மெத்தைகள் அந்தப் பெரிய சுவரில் தனியாக நின்றன, பார்க்கக் குட்டையாக இருந்தது. கொஞ்சம் சந்தோஷமாக இருந்தது எனக்கு. கொஞ்சம்தான். அவளுக்கும் ஒரு நாள் இருக்கிறது என்று நினைத்ததும் அதுவும் போய்விட்டது.

தங்கை வீட்டில் எத்தனை நாள் இருப்பது, என்ன செய்வது, ஒன்றும் தெரியாது. தையல் மெஷினையும் கொண்டு வருகிறேன். உன் பதில் வந்ததும் வருகிற வியாழக்கிழமை பஸ்ஸில் கிளம்புகிறேன். எனக்கு இடம் இருக்கிறதா என்று ஒரு வரி எழுது. போய் நின்று இடமில்லை என்று கேட்க இனி தெம்பு இல்லை.

புருல்

*

நாரின்,
12 மார்ச் 1999

என் புருல் அக்காவுக்கு,

இங்கே மூன்று பேரும் சுகம். பூனையையும் சேர்த்துத்தான்.

இடம் இருக்கிறது. அடுப்புக்குப் பக்கத்து அறை உனக்கு, முழங்காலுக்குச் சூடு நல்லது. இன்னொரு பெட்டி கொண்டு வந்து வைத்திருக்கிறார், உன் மெத்தைகளை அதன்மேல் உன் இஷ்டப்படி அடுக்கிக்கொள். கணவாயில் உன் பஸ்ஸை நிறுத்தித் தேநீர் கொடுப்பாராம். காலையில் எழுந்ததும் ரோட்டை உனக்காக ஒரு தடவை சீவிவிடுகிறாராம். இவ்வளவு பேசுகிற மனிதர் என்று எனக்கே தெரியாது.

நீ எத்தனை வருஷம் வேண்டுமானாலும் இரு. எந்தக் கிண்ணத்தில் வேண்டுமானாலும் தேநீர் குடி. அடுப்பை எடுத்துக்கொள், பெரியத்தை வந்தால் நீயே அவளோடு சண்டை போடு. ஒன்றே ஒன்று மட்டும் கேட்கிறேன். உன் மடி அகலம், சின்ன வயதிலிருந்து தெருவில் இருக்கிற குட்டிகள் எல்லாம் உன்னிடம்தான் ஓடிவரும். தார்லானை மடியில் வைத்துக்கொள்ளாதே. போன வாரம்தான் முதல் தடவையாக இறங்கி வந்து என் கால்மாட்டில் படுத்தது. அது உன்னிடம் போய்விட்டால் என்னால் தாங்க முடியாது, அக்கா.

வாசலில் நின்றுகொண்டிருப்பேன்.

உன் சினாரா